வீட்டுக்குள் புகும் வெயில்



பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் வேலூர்க்காரர்களுக்குக் கவலையும் பிறந்துவிடும். ஊரைச் சுற்றிலும் கல் மலைகள். பகலெல்லாம் அவை வெயிலைக் குடிக்கின்றன. இரவெல்லாம் அந்தச் சூட்டை ஊர்மீது திருப்பி விடுகின்றன. கத்திரி வெயில் தொடங்கியபின் சொல்லவே வேண்டியதில்லை. கடற்கரை நகரமாகிய சென்னையிலேயே 2003-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் வெப்பநிலை 45 பாகை செல்சியஸைத் தொட்டது. உள்நாட்டு ஊர்களின் நிலையை நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வெயிலுக்கு என்ன செய்வது என்று யாரைக் கேட்டாலும், "ஒரு ஏ.சி. வாங்கிப் போடுங்கள்" என்பதே இன்று கிடைக்கும் விடை. வாங்கியவர்களோ, "போன ஆண்டு நன்றாகக் குளிர்ந்தது, இந்த ஆண்டு குளிரவில்லை" என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள். வீட்டைக் குளிர வைப்பதற்கு ஒரு வரிசைமுறை உண்டு. முதலில் வெப்பம் எந்த வழியாக வருகிறது என்று அறிய வேண்டும். பிறகு அந்த வழியை அடைக்க வேண்டும். மிஞ்சியதைத்தான் பொறியைக் கொண்டு வெளியேற்ற வேண்டும். பொறி வந்தபின் அதைப் பேணவும், பழையதானால் மாற்றவும் தெரிந்திருக்க வேண்டும். இந்த வரிசையை நான் தலைகீழாகச் செய்து பட்டுத் தெரிந்துகொண்டவன். ஆகவே என் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், என் தமக்கையார் கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டில் வந்து தங்கினார். அவருக்கு அப்போது வயது 72. மாடியில் உள்ள அறையை அவருக்காக ஒழித்துக் கொடுத்தோம். அந்த அறையில் ஒரு டன் ஏ.சி. ஒன்று இருந்தது. வாங்கிய சில ஆண்டுகளில் அதன் குளிர்ச்சி குறைந்தது. பழுது பார்க்க வந்தவர், "வாயு தீர்ந்துவிட்டது" என்று சொல்லி வாயு நிரப்பிச் சென்றார். அடுத்த கோடையிலும் அதே குறை, அதே மருந்து. இரண்டு கோடைகளில் மூன்று முறை வாயு நிரப்பினோம். மூன்று முறையும் பணம் கொடுத்தோம். அந்த மே மாதத்தில் பொறி ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் குளிரவில்லை. அக்காளோ, "தம்பிக்கு வீண் செலவு வைக்க வேண்டாம்" என்று வாய் திறக்கவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் காப்பி கொண்டு போன என் மனைவி, அவர் கட்டிலில் எழ முடியாமல் தலை சுற்றிக் கிடப்பதைக் கண்டார். பேச்சும் சற்றுக் குழறியது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நல்ல வேளையாக இரண்டு நாளில் தேறிவிட்டார்.

மருத்துவர் சொன்ன ஒரு செய்தியை நீங்கள் அனைவரும் மனத்தில் இருத்த வேண்டும். வெயிலில் நடந்தவர்களை மட்டுமே வெப்பம் தாக்கும் என்று நினைப்பது தவறு. இரவிலும் அறை ஆறாவிட்டால், வீட்டுக்குள் படுத்திருக்கும் முதியவரையும் அது தாக்கும். முதியவர்களுக்கு வியர்வை குறைவு. தாக உணர்ச்சியும் குறைவு. பகலில் உடல் ஏற்ற சூட்டை இரவில் இறக்கிவைக்க இடமில்லாமற் போகிறது. தமிழ்நாட்டு அரசு 2024-ஆம் ஆண்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. புயலையும் வெள்ளத்தையும் போல வெயிலும் உயிரைக் கொண்டுபோகக் கூடியது என்பதற்கு அந்த அறிவிப்பே சான்று.

இனி, வெப்பம் வீட்டுக்குள் எப்படி வருகிறது என்று பார்ப்போம். கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று மூன்று வழிகளைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். நான் அவற்றை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையில் எழுதியவன். ஆனால் என் வீட்டு மொட்டைமாடியைப் பார்த்து ஒரு நாளும் கணக்குப் போட்டதில்லை. அன்று மருத்துவமனையில் உட்கார்ந்து போட்டேன். நீங்களும் போடுங்கள்.

நண்பகலில், வானம் தெளிவாக இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் விழும் வெயிலின் ஆற்றல் ஏறத்தாழ 1,000 வாட். எங்கள் மாடியறை 10 அடிக்கு 12 அடி. அதாவது 120 சதுர அடி, ஏறத்தாழ 11 சதுர மீட்டர். ஆகவே அந்த அறையின் கூரைமேல் மட்டும் 11 கிலோவாட் வெயில் விழுகிறது. ஒரு டன் ஏ.சி. வெளியேற்றக் கூடிய வெப்பமோ மூன்றரை கிலோவாட். மூன்று ஏ.சி. வெளியேற்றும் அளவு வெப்பம் கூரைமேல் வந்து இறங்குகிறது என்று கொள்ளுங்கள். அதில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். ஒரு பகுதி வானத்துக்குத் திரும்பிவிடும். எஞ்சிய பகுதியைக் கான்கிரீட் தளம் உள்வாங்கிக்கொள்கிறது. நாலைந்து அங்குலக் கனமுள்ள அந்தத் தளத்தைக் கடந்து வெப்பம் அறைக்குள் வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் வெயில் தாழ்ந்த பிறகு, விளக்கு வைக்கும் நேரத்தில், மேல்தளம் அடுப்புப் போலக் கனல்கிறது.

நம் முன்னோர் கட்டிய வீடுகளில் இவ்வளவு தொல்லை இல்லை. மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லப்படும் பழைய தளத்தை நீங்கள் பார்த்திருக்கக் கூடும். மர உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டத்தில் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் இணைப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கட்டையால் நாள்கணக்கில் இடித்து இறுக்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு பதிப்பார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் கான்கிரீட்டைவிட மெதுவாக வெப்பத்தைக் கடத்துவன. தளத்தின் கனமும் அதிகம். இன்று அப்படிக் கட்டுவோர் மிகச் சிலரே. ஆனால் அந்தத் தளத்தில் இருந்த அறிவை நாம் கைவிட வேண்டியதில்லை.

முதல் மருந்து வெள்ளைதான். கறுத்த கூரை, தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். புதிதாக வெள்ளையடித்த கூரை பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். மாசி மாதத்திலேயே மாடியைப் பெருக்கிக் கழுவி, பாசியைச் சுரண்டி எடுத்து, விரிசல்களைப் பூசி அடைத்து, சுண்ணாம்பு இரண்டு கை அடிக்க வேண்டும். அது காலில் ஒட்டாமல் பிடித்து நிற்கப் பசை சேர்ப்பது வழக்கம். செலவு செய்ய முடிந்தவர்கள் வெயிலைத் திருப்புவதற்கென்றே செய்யப்பட்ட வெள்ளைப் பூச்சுகளை அடிக்கலாம். வெள்ளை ஓடும் பதிக்கலாம். எதைச் செய்தாலும், தூசியும் பாசியும் படிந்தால் பயன் குறையும். ஆண்டுதோறும் கழுவ வேண்டும். ஓர் எச்சரிக்கை: சுண்ணாம்பைத் தாளிக்கும்போது அது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போய்விடக் கூடும். கண்ணாடி அணியாமல் அந்த வேலையில் இறங்காதீர்கள். சிறு பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

அகமதாபாத் நகரத்தில் 2010-ஆம் ஆண்டு கடும் வெப்ப அலை வீசிப் பலர் மாண்டனர். அதன் பிறகு 2013-இல் அந்நகராட்சி ஒரு வெப்பத் தடுப்புத் திட்டத்தை வகுத்தது. பின்னர் ஏழை மக்களின் கூரைகளுக்கு வெள்ளையடிப்பதும் அத்திட்டத்தோடு சேர்ந்தது. தகரக் கூரையின் கீழ் வாழும் குடும்பத்துக்கு ஏ.சி. எட்டாக் கனி, ஒரு வாளிச் சுண்ணாம்பு எட்டும்.

இரண்டாவது வழி சன்னல். மேற்குச் சன்னல் மாலை வெயிலை நேரே அழைத்து வருகிறது. பலர் உள்ளே திரை தொங்கவிட்டு அமைதி அடைகிறார்கள். கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த வெயில், திரைமேல் பட்டு வெப்பமாகி அறையிலேயே தங்கிவிடும். ஆகவே மறைப்பு வெளியே இருக்க வேண்டும். மூங்கில் தட்டியோ, கீற்றுத் தாழ்வாரமோ, மேற்கே ஒரு வேப்பமரமோ புங்க மரமோ இருந்தால் வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடும். வெளிக்காற்று உள்காற்றைவிடச் சூடாக இருக்கும் பகல் நேரத்தில் சன்னலை மூடி வையுங்கள். இரவில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து காற்றோட விடுங்கள். கொசுவுக்கு வலை அடித்துக்கொண்டால் அச்சமில்லை.

அடுத்தது மின்விசிறி. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. நம் உடலின் வியர்வையை விரைவில் உலரச் செய்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக வேண்டுமானால் அது மிகுந்த வெப்பத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வெப்பத்தை வியர்வை நம் தோலிலிருந்து எடுத்துக்கொள்வதால் குளிர்ச்சி தோன்றுகிறது. ஆகவே ஆளில்லா அறையில் விசிறி சுழல்வது வீண். காற்று 40 பாகைக்கு மேல் சூடாகிவிட்டால் விசிறி மட்டும் போதாது. வெந்த காற்றையே அது உடல்மேல் வீசும். அப்போது ஈரத் துணியால் உடலைத் துடைத்துக்கொண்டும், நீரும் மோரும் அடிக்கடி பருகியும் வெப்பத்தைத் தணிக்க வேண்டும்.

விசிறியின் வேகம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தால் விசிறியையே மாற்றத் துடிக்காதீர்கள். பெரும்பாலும் அதனுள் இருக்கும் கண்டென்சர் என்னும் சிறு மின்தேக்கி வலுவிழந்திருக்கும். அதன் விலை விசிறியின் விலையில் மிகச் சிறு பங்கே. இறகுகளின் விளிம்பில் படியும் தூசியும் வேகத்தைக் கெடுக்கும். மாதம் ஒருமுறை துடையுங்கள். பழைய பெரிய ரெகுலேட்டர், வேகத்தைக் குறைத்து வைக்கும்போது மின்சாரத்தை வெப்பமாக்கி வீணடிக்கும். அதை மாற்றி மின்னணு ரெகுலேட்டர் போடுவது நல்லது.

விசிறியையே மாற்றுவதாக இருந்தால் ஒரு சிறு கணக்கு. சாதாரணக் கூரை விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்னும் புது வகை மோட்டார் உள்ள விசிறி, அதே காற்றை ஏறத்தாழ 30 வாட்டில் தரும். நாளொன்றுக்கு 10 மணி நேரம் சுழன்றால் பழையதற்கு முக்கால் யூனிட், புதியதற்கு 0.3 யூனிட். மிச்சம் 0.45 யூனிட். ஆண்டில் 200 நாள் என்று கொண்டால் 90 யூனிட் மிச்சம். உங்கள் வீட்டு மின்கட்டண அட்டையை எடுத்து, யூனிட்டுக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்று பார்த்து, எத்தனை ஆண்டில் விலை மீளும் என்று நீங்களே கணக்கிடுங்கள். கூரை விசிறிகளுக்கும் நட்சத்திரக் குறியீடு 2023-ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்தே வாங்குங்கள்.

வேலூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் கோடைக் காற்று உலர்ந்தது. இங்கே வெட்டிவேர்த் தட்டியை நனைத்துச் சன்னலில் தொங்கவிடும் பழைய வழக்கம் நல்ல பயன் தரும். அந்தத் தட்டியின் தம்பியே ஏர் கூலர். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்றே ஈரம் நிறைந்திருப்பதால் நீர் எளிதில் ஆவியாகாது; அங்கே கூலர் அறையைப் புழுங்கச் செய்யும். கூலர் ஓடும்போது ஒரு சன்னல் திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் அறையிலேயே தங்கிவிடும். தொட்டியை வாரந்தோறும் வடித்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குவைப் பரப்பும் கொசு, தேங்கிய நல்ல நீரில்தான் முட்டையிடுகிறது என்பதை மறக்காதீர்கள்.

இவ்வளவும் செய்தபின் எஞ்சும் வெப்பத்துக்குத்தான் ஏ.சி. அதன் அளவை ஏன் "டன்" என்று சொல்கிறோம் என்று பலர் கேட்பதுண்டு. பொறியின் எடைக்கும் அதற்கும் தொடர்பில்லை. குளிர்ச்சி என்றால் பனிக்கட்டி என்றிருந்த காலத்தின் சொல் அது. அமெரிக்க வணிகராகிய பிரெடரிக் டியூடர், தம் நாட்டுக் குளங்களில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி 1833-இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் 1842-இல் அவர் பனிக்கட்டிக் கிடங்கு ஒன்று கட்டினார். 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதும், இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்குவதும் அந்த ஐஸ் ஹவுஸ்தான். ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகுவதற்கு எவ்வளவு வெப்பத்தை எடுத்துக்கொள்ளுமோ, அவ்வளவு வெப்பத்தை அதே நேரத்தில் வெளியேற்றுவது ஒரு டன் பொறி. இந்த டன் அமெரிக்க டன். ஏறத்தாழ 907 கிலோ. 1902-இல் வில்லிஸ் கேரியர் என்னும் பொறியாளர், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்துக்காக முதல் நவீன குளிர்பதன அமைப்பை வகுத்தார். காகிதம் ஈரத்தால் விரிந்து சுருங்கி, வண்ண அச்சு தடம் மாறாமல் காப்பதே அவர் நோக்கம். மனிதருக்கு அது பின்னால் கிடைத்த பேறு.

ஏ.சி. வேலை செய்யும் முறை வியர்வையின் முறையே. ஒரு திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும். ஆவி மீண்டும் திரவமாகும்போது அவ்வெப்பத்தைக் கக்கும். அறைக்குள் உள்ள சுருள்குழாயில் திரவம் ஆவியாகி அறையின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வெளியே உள்ள கம்ப்ரஸர் அந்த ஆவியை இறுக்குகிறது. வெளிச் சுருளில் அது வெப்பத்தைக் கக்கித் திரவமாகிறது. பின்னர் மெல்லிய துவாரம் ஒன்றின் வழியாக அழுத்தம் குறைந்து மீண்டும் உள்ளே வருகிறது. கிணற்றில் ஏற்றம் இறைப்பதைப் போல, உள்ளிருக்கும் வெப்பத்தை முகந்து வெளியே கொட்டுவதே அதன் தொழில். இதில் ஒரு செய்தியைக் கவனியுங்கள். இந்தச் சுற்று மூடிய சுற்று. விளக்கில் எண்ணெய் எரிந்து தீர்வதுபோல வாயு எரிந்து தீர்வதில்லை.

அக்காள் வீடு திரும்பிய மறுநாள், என் பழைய மாணவர் ஒருவர் வந்தார். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். தொழிற்பயிற்சி நிலையத்தில் குளிர்பதனத் தொழில் கற்று, இப்போது அதுவே பிழைப்பாக இருப்பவர். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "ஐயா, வாயு எங்கே போகும்? சைக்கிள் டியூபில் காற்று இறங்கினால் பஞ்சர் பார்ப்போம் அல்லவா? யாராவது தினமும் காற்றையே அடித்துக்கொண்டிருப்பார்களா?" என்றார். பின்னர் குழாய்களில் நைட்ரஜன் வாயுவை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவினார். வெளிப் பொறியின் நட்டு இணைப்பு ஒன்றில் குமிழி கிளம்பியது. மூன்று முறை நாங்கள் பணம் கொடுத்து நிரப்பிய வாயு அந்த வழியாகத்தான் போயிருந்தது. உள்ளே வடிகட்டித் தட்டை எடுத்தார். தூசி கம்பளிபோலப் படிந்திருந்தது. நான் தலை குனிந்தேன். வகுப்பில் "காரணத்தைத் தேடு, காரணத்தைத் தேடு" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அதைச் செய்தவர் அவர்.

அவரிடம் நான் கற்ற பாடத்தை உங்களுக்குச் சொல்கிறேன். வாயு குறைந்தது என்று யாராவது சொன்னால், "கசிவு எங்கே?" என்று கேளுங்கள். கசிவை அடைத்தபின், வெற்றிடப் பம்பினால் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, பொறியின் தகட்டில் குறித்துள்ள வாயுவை மட்டும், குறித்த எடையில் நிறுத்து நிரப்ப வேண்டும். ஒரு வாயுவோடு மற்றொன்றைக் கலக்கக் கூடாது. கசிவு பார்க்க ஆக்ஸிஜனை ஒருபோதும் ஏற்றக் கூடாது. அது எண்ணெயோடு சேர்ந்து வெடித்துவிடும்.

நாமே செய்யக் கூடிய பணிகள் சில உண்டு. கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வடிகட்டித் தட்டுகளைக் கழற்றி, நீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். தூசி அடைத்தால் காற்றோட்டம் குறைந்து, உள் சுருளின்மேல் பனி படியும், குளிர்ச்சி போய்விடும். வெளிப் பொறியைச் சுற்றிப் பழைய சாமான்களை அடுக்காதீர்கள். கக்கிய வெப்பம் போவதற்கு இடம் வேண்டும். நிழல் நல்லது, ஆனால் காற்றை மறைக்கும் நிழல் ஆகாது. உள்ளே நீர் சொட்டினால் வடிகுழாயில் பாசி அடைத்திருக்கும். அதை நீக்கச் செய்யுங்கள். அந்த நீரைக் குடிக்க வேண்டாம், செடிக்கு ஊற்றலாம். பொறியின் வெப்ப அளவை 24 பாகைக்குக் கீழே வைக்காதீர்கள். விசிறியும் மெல்லச் சுழன்றால் 26 பாகையே போதும். ஒவ்வொரு பாகை உயர்த்தும்போதும் மின்செலவு ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் கூறுகிறது.

நாம் செய்யக் கூடாத பணிகளும் உண்டு. பொறியின் மூடியைத் திறப்பதற்கு முன் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகும் அதனுள் இருக்கும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். தெரியாதவர் தொட்டால் தாக்கும். ஏ.சி.க்குத் தனிக் கம்பியும் நல்ல எர்த்தும் தேவை. பழைய மெல்லிய கம்பியில் மாட்டினால் கம்பி சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். இன்னொன்றும் சொல்வேன். வெளிச்சுவரில், மூன்றாம் மாடி உயரத்தில் தொங்கும் பொறியைத் துடைக்க ஓர் இளைஞர் ஏறுகிறார். இடுப்பில் பாதுகாப்பு வார் இல்லாமல் அவரை ஏறவிடாதீர்கள். நம் வீடு குளிர வேண்டும் என்பதற்காக மற்றொரு வீட்டில் விளக்கு அணையக் கூடாது.

பொறியை மாற்றும் காலம் எப்போது? கம்ப்ரஸர் கெட்டாலோ, சுருள் பல இடங்களில் அரித்துவிட்டாலோ, பழுது பார்க்கும் செலவு புதுப் பொறியின் விலையில் பாதியை நெருங்கினாலோ மாற்றுவது நன்று. வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். முதலாவது, அளவு. வேண்டியதைவிடப் பெரிய பொறி சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் இராது. கூரைக்கு வெள்ளையடித்த பிறகே அளவை முடிவு செய்யுங்கள். இரண்டாவது, நட்சத்திரக் குறியீடும் அது ஒட்டப்பட்ட ஆண்டும். தரத்தின் அளவுகோல் காலத்துக்குக் காலம் கடுமையாக்கப்படுகிறது. பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைய ஐந்து ஆகாது. இன்வெர்ட்டர் வகைப் பொறி, தேவைக்கேற்பத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதால் நீண்ட நேரம் ஓடும் இடங்களில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது, வாயுவின் வகை. இதில் ஓர் அறிவியல் வரலாறே அடங்கியிருக்கிறது. முற்காலத்துக் குளிர்பொறிகளில் இருந்த வாயுக்கள் நச்சுடையவை, அல்லது தீப்பிடிப்பவை. 1920-களின் இறுதியில் நச்சும் தீயும் இல்லாத பிரியான் வாயுக்களை அமெரிக்காவில் உருவாக்கினார்கள். உலகம் மகிழ்ந்தது. 1974-இல் மொலினா, ரௌலண்ட் என்னும் இரு அறிஞர்கள், அவ்வாயுக்களில் உள்ள குளோரின் வானத்தின் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று எச்சரித்தனர். 1985-இல் அண்டார்க்டிகாவின் மேலே ஓசோன் தேய்ந்திருப்பது வெளியாயிற்று. 1987-இல் மாண்ட்ரியல் நகரில் நாடுகள் கூடி அவ்வாயுக்களைக் குறைக்க உடன்பட்டன. 1995-இல் அவ்விருவருக்கும், குருட்சன் என்னும் அறிஞருக்குமாக வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஓசோன் படலம் இப்போது மெல்ல மீண்டு வருகிறது. பழைய ஏ.சி.களில் உள்ள ஆர்-22 என்னும் வாயுவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. மெல்ல மெல்லக் கைவிடப்பட்டு வருகிறது. அது வானில் கலந்தால், நூறு ஆண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 1,800 மடங்கு பூமியைச் சூடாக்கும். புதிய பொறிகளில் பலவற்றில் உள்ள ஆர்-32-க்கு இது ஏறத்தாழ 675 மடங்கு. புரோப்பேனாகிய ஆர்-290-க்கு மிக மிகக் குறைவு. ஆனால் அது எளிதில் தீப்பிடிப்பது. ஆர்-32-உம் ஓரளவு தீப்பற்றும். ஆகவே தேர்ந்த கையே அவற்றைத் தொட வேண்டும். எங்கள் மாடியில் மூன்று முறை கசிந்த வாயு, எங்கள் பணத்தை மட்டும் கொண்டுபோகவில்லை. உங்கள் காலத்து வெயிலிலும் சிறிது கூட்டிவிட்டுப் போயிற்று என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

உதகை, கொடைக்கானல் பக்கத்து மாணவர்கள், "எங்களுக்குக் குளிர்தானே தொல்லை?" என்று கேட்கலாம். அவர்களுக்கு ஒரே சொல்: கூரை, சன்னல் இவற்றின் இடுக்குகளை அடைத்து வெப்பத்தைக் காப்பதே அங்கும் முதல் வேலை. இதே பொறியின் சுற்றைத் திருப்பி ஓட்டி அறையைச் சூடாக்கும் வகையும் உண்டு. ஆனால் கதவையும் சன்னலையும் மூடிக்கொண்டு கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்காதீர்கள். அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

அந்த ஆண்டு ஆனி மாதத்தில் நாங்கள் மொட்டைமாடியைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தோம். மேற்குச் சன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டினோம். அதே பழைய ஏ.சி., கசிவு அடைபட்டபின், இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரவு பத்து மணிக்குமேல் அதை நிறுத்திவிட்டு விசிறியோடு உறங்க முடிகிறது. அக்காள் அடுத்த கோடைக்கும் வந்தார். "இந்த வருஷம் வெயில் குறைவோ தம்பி?" என்று கேட்டார். வெயில் குறையவில்லை என்று எனக்குத் தெரியும்.

மாணவர்களே, நாளைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் மாடியில் ஒரு முழச் சதுரத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக் காயவிடுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தச் சதுரத்தின்மேல் ஒரு வெப்பமானியையும், அருகில் வெறுந்தளத்தில் ஒன்றையும் படுக்கவைத்து, அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பமானி இல்லாவிட்டால் உங்கள் உள்ளங்கை போதும். அதன் பிறகு, தெருவில் தனியாக இருக்கும் முதியவர் வீட்டுக்கு ஒரு நடை போய், அவர் படுக்கும் அறை இரவில் ஆறுகிறதா என்று கேளுங்கள். எவராவது வெப்பத்தால் மயங்கி, பேச்சுக் குழறி, உடல் கொதித்தால், நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து, விசிறிக்கொண்டே 108-க்குச் சொல்லுங்கள். நினைவற்றவர் வாயில் நீர் புகட்டாதீர்கள்.

நான் முப்பது ஆண்டு கற்பித்துவிட்டுக் காலம் கடந்து செய்த வேலையை நீங்கள் இந்தக் கோடைக்கு முன்பே செய்துவிடலாம்.